எழுபதாம் எண் வாசல்

காபி ஆறிக்கொண்டிருக்கிறது. ஆர்டிஸ் டோலெஃப்சன் அதைத் தொடவில்லை. நேற்று வந்துபோனவர்களைப் பார்த்து முடித்த பிறகுதான் காபி. சமையலறை மேசையில் அச்சடித்த தாள் ஒன்று. அதில் பெயர்கள் இல்லை. புள்ளி வைத்துப் பிரித்த கணினி முகவரி எண்கள், பக்கத்தில் மணி, நிமிடம், நொடி. பென்சில் முனை ஒவ்வொரு வரியாக இறங்குகிறது. "இது தபால்காரம்மா. ஊருக்குப் போறேன்னு சொன்னா, வீட்டுலதான் இருக்கா பாரு... இது ரெண்டு நாய் வச்சிருக்கானே, அவன்... இது நீ, வெண்டல்," என்று எதிரில் இருக்கும் என்னை ஒரு பார்வை பார்க்கிறார். ஏழாவது வரியில் பென்சில் நிற்கிறது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தாளை முகத்தருகே கொண்டுபோகிறார். "யாருய்யா நீ? உனக்கு இங்க என்ன வேலை?"

தாள் பதில் சொல்வதில்லை. அந்த வரியின் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டுத்தான் கோப்பையை எடுக்கிறார். சூடான காபி என்றால் என்ன என்பது இவருக்கு மறந்திருக்கும்.

வயது எழுபத்தொன்று. நல்ல உயரம், கதவு நிலைகளில் குனிந்து குனிந்து தோள் முன்னால் வளைந்திருக்கிறது. தலைமுடியைத் தானே வெட்டிக்கொள்கிறார். ஸ்கோக்லண்ட் ஊரில் முடி வெட்டும் பெண் கேள்வி அதிகம் கேட்கிறாள் என்பது காரணம். காலமான கணவர் மெர்லுடைய கம்பளிக் கோட்டைத்தான் நவம்பர் முதல் ஏப்ரல் வரை போட்டுக்கொண்டிருப்பார். வீடு, மூன்று கிளையாக விரல்போல் நீளும் மூன்று விரல் ஏரியின் இரண்டாம் விரலுக்கும் மூன்றாம் விரலுக்கும் நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் மேட்டில் இருக்கிறது. அங்கே நின்றால் ஏரியில் முக்கால் பங்கு தெரியும். அந்த வீட்டில் எல்லா ஜன்னலுக்கும் திரை உண்டு. எல்லாத் திரையிலும் ஒரு கண் பார்க்கும் அளவுக்கு இடுக்கு உண்டு.

அவர் நடத்துவது ஒரு கோஃபர் சர்வர். படமும் ஓசையும் விளம்பரமும் கலந்த இன்றைய இணையச் சந்தை கூடுவதற்குச் சற்று முன்னால், எங்கள் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் பிறந்த ஏற்பாடு அது. மண்ணுக்குள் வளை தோண்டும் ஒரு பிராணியின் பெயரை அதற்கு வைத்தார்கள்; எங்கள் மாநிலத்துக்கே அதுதான் செல்லப்பெயர். கோஃபரைத் திறந்தால் ஒரு பட்டியல் வரும். ஒரு வரியைத் தேர்ந்தெடுத்தால் இன்னொரு பட்டியல் வரும், இல்லையென்றால் வெறும் எழுத்து. அவ்வளவுதான். ஒரு கணினிக்குப் பல்லாயிரம் வாசல்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் என்று வைத்துக்கொண்டால், கோஃபருக்கு ஒதுக்கியது எழுபதாம் எண் வாசல். உலகத்தில் அநேகமாக எல்லோரும் அந்த வாசலை அடைத்துவிட்டு வேறு வாசலுக்குக் குடிபோய்விட்டார்கள். ஆர்டிஸ் போகவில்லை.

அந்த நாளில் அவர் மினியாபொலிஸில், பல்கலைக்கழகக் கணினி உதவிப் பிரிவில் தொலைபேசி எடுத்துப் பதில் சொல்லும் வேலையில் இருந்தார். எல்லோரும் மாறியபோது நீங்கள் ஏன் மாறவில்லை என்று ஒருமுறை கேட்டேன்.

"அங்க போனா நாம படிக்கிறோமா, நம்மள எவனாச்சும் படிக்கிறானான்னு தெரியாது. கோஃபர்ல நான் கேட்டது வரும். வந்ததும் கதவு சாத்திக்கும். பின்னாடியே எவனும் வரமாட்டான்."

சொல்லிவிட்டு, தன் வீட்டுக்கு வந்துபோனவர்களின் தாளை மடிப்புக் கலையாமல் கோப்பில் செருகினார்.

மெர்ல் இருந்தபோது வாங்கிய பழைய கணினி இரண்டு வருடத்துக்கு முன்னால் புகைவிட்டு ஓய்ந்தது. வேறு வழியில்லாமல் பெமிஜி நகரத்துக்குப் போய்ப் புதிது ஒன்று வாங்கி வந்தார். அன்றிலிருந்து அந்த வீட்டில் சந்தேகப் பேர்வழிகள் இருவர். புதுக் கணினிக்கு அவர்மேல் நம்பிக்கை இல்லை. அவருடைய சர்வர் நிரல் யாரோ ஒரு நல்லவர் எழுதி இலவசமாகக் கொடுத்த குட்டி நிரல். கையெழுத்தும் முத்திரையும் இல்லாதது. எழுதியவர் யாரென்று தெரியவில்லை, ஓடவிடலாமா என்று கணினி கேட்டது. நச்சுநிரல் தடுப்பான் அதைத் திருடன் என்று பிடித்து இரண்டு முறை சிறையில் போட்டது. அவர் மீட்டுக்கொண்டு வந்தார். இருபது நிமிடம் யாரும் விசைப்பலகையைத் தொடவில்லை என்றால் கணினி தானாகத் தூங்கியது. சர்வரும் சேர்ந்து தூங்கியது. அதையும் கண்டுபிடித்து நிறுத்தினார்.

அவருக்கும் அதன்மேல் நம்பிக்கை இல்லை. கேமராக் கண்ணுக்கு மேல் கறுப்பு நாடா. ஒலிவாங்கித் துளைக்கு மெழுகு. வேலை இல்லாத நேரத்தில் திரைமேல் பாத்திரம் துடைக்கும் துணி. திரையில் எந்தப் பெட்டி எழுந்து வந்து எதைக் கேட்டாலும் வேண்டாம் என்ற பொத்தானை அழுத்திவிடுவார். "நீ இருக்கிற எடத்த சொல்லலாமாங்குது. எம் பேச்சக் கேக்கலாமாங்குது. மொதல்ல நீ யாரு, உங்கப்பன் யாரு, அதச் சொல்லு!"

சர்வரில் இருப்பது பெரும்பாலும் பனி. ஏரி உறைந்த நாளிலிருந்து தினமும் காலை ஒன்பது மணிக்கு ஆளுயரத் துரப்பணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புவார். ஒன்பது இடங்களில் துளையிட்டுப் பனித்தளத்தின் கனம் எத்தனை அங்குலம் என்று அளப்பார். வீட்டுக்கு வந்து தட்டச்சு செய்வார். எங்கே மனிதன் நடக்கலாம், எங்கே வண்டி போகலாம், எங்கே யாருமே கால் வைக்கக் கூடாது என்று ஒற்றை வரியில் இருக்கும். இருபத்துமூன்று வருடக் கணக்கு இருக்கிறது. அதோடு ஏரியில் கிடைத்த பொருள்களின் பட்டியல், தேவாலய மீன் விருந்து நாள்கள், தன் கரையோரம் நெருக்கமாக நிறுத்தப்பட்ட வண்டிகளின் எண்களும் நிறங்களும். கடைசிப் பட்டியலை யாரும் கேட்கவில்லை.

படிக்கிறவர்கள் பதினொரு பேர். தவிர, வியாழக்கிழமைதோறும் எங்கிருந்தோ ஒரு இயந்திரம் வந்து எல்லாப் பக்கத்தையும் ஒரே மூச்சில் அள்ளிக்கொண்டு போகும். அதற்கென்று தனியாக ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறார். "நீ மனிதனாக இருந்தால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போ." இதுவரை பதில் இல்லை.

பதினொரு பேரில் ஒருவர் ரெய்னோ கிவெலா. எதிர்க் கரையில் தனியாக இருக்கிறார். பள்ளிப் பேருந்துகளுக்கு மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். பதினான்கு வருடத்துக்கு முன்னால் ரெய்னோ, பனி உருகுமுன் அகற்றிவிட வேண்டிய தன் மீன்பிடிக் குடிலை அரசு வைத்த கெடு தாண்டியும் உறைந்த ஏரிமேலேயே விட்டுவைத்தார். ஆர்டிஸ் அதைத் தேதி போட்டு சர்வரில் எழுதினார். வனத்துறை ஆள் ரெய்னோவின் வீட்டுக் கதவைத் தட்டினார். அடுத்த தேவாலய விருந்தில், உருளைக்கிழங்குத் தட்டோடு எழுந்து நின்று ரெய்னோ சொன்னது எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். "இந்தம்மா கம்ப்யூட்டர் முன்னால உக்காந்துக்கிட்டு ஊரையே வேவு பாக்குது. நாளைக்கு நம்ம கோவணம் கிழிஞ்சிருந்தாலும் அதுல வரும்."

அதோடு பேச்சு நின்றது. ஆனால் ரெய்னோ படிப்பதை நிறுத்தவில்லை. தினமும் காலை ஆறு பத்துக்கு ஒரு எண் வந்து, பனிக் கணக்கை மட்டும் பார்த்துவிட்டுப் போகும். அது யாரென்று கண்டுபிடிக்க ஆர்டிஸுக்கு இரண்டு குளிர்காலம் ஆனது. ஒரு புயலில் ரெய்னோ வீட்டுக் கம்பத்தின்மேல் மரம் விழுந்து நாலு நாள் இணைப்பு இல்லை; அந்த நாலு நாளும் ஆறு பத்துக்கு யாரும் வரவில்லை. அன்று பென்சிலால் அந்த எண்ணுக்குக் கீழே இரட்டைக் கோடு போட்டார். யாரிடமும் சொல்லவில்லை.

இங்கே என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஏரித் துறையில் தூண்டில் சாமானும் உயிர் மீன் இரையும் விற்கும் கடை என்னுடையது. கடை முகப்பில் ஒரு கரும்பலகை உண்டு. 'இன்றைய பனி' என்று எழுதி, கீழே அங்குலக் கணக்கு. நானே அளந்ததுபோல் என் கையெழுத்தில் இருக்கும். நான் அளந்தது முதல் வருடம் மட்டும். பிறகு கைப்பேசியில் கோஃபர் படிக்கும் சின்னச் செயலி ஒன்றைத் தேடிப் போட்டுக்கொண்டேன். காலை ஆறு நாற்பதுக்குப் படுக்கையிலிருந்தபடியே பார்ப்பேன். எட்டு மணிக்குப் பலகையில் எழுதுவேன். ஆர்டிஸின் பெயர் அதில் இருக்காது. அவருடைய பதினொருவரில் நானும் ஒருவன் என்பது அந்த நாளில் அவருக்குத் தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

போன ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை அவருடைய கணினி ஒரு பெரிய அப்டேட்டை இறக்கிக்கொண்டு, தானாக அணைந்து, தானாக எழுந்தது. வெள்ளிக்கிழமை காலை அச்சடித்த தாளில் ஒரு வரிகூட இல்லை. சனிக்கிழமையும் இல்லை. அவர் தன் கணினியிலேயே சர்வரைத் திறந்து பார்த்தார். பட்டியல் பளிச்சென்று வந்தது. அப்படியானால் சர்வரில் குறையில்லை. குறை மனிதர்களிடம்தான் என்று முடிவு செய்தார்.

அதே வெள்ளிக்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு என் கைப்பேசியில் ஒன்றும் வரவில்லை. வட்டம் சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. கண்டுபிடித்துவிட்டார், என்னை மட்டும் வெளியே நிறுத்திவிட்டார் என்றே நினைத்தேன். கேட்கலாம் என்றால் எப்படிக் கேட்பது? கேட்பதே திருட்டை ஒப்புக்கொள்வதாகும். பலகையில் வியாழக்கிழமை எழுதிய பதின்மூன்றை அப்படியே விட்டுவிட்டேன். ஜனவரியில் பனி கூடுமே தவிரக் குறையாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

திங்கள்கிழமை அவர் கடைக்கு வந்தார். வாசலில் பலகை முன்னால் கொஞ்ச நேரம் நின்றது கண்ணாடி வழியே தெரிந்தது. உள்ளே வந்து கையுறையைக் கழற்றாமலே கேட்டார்.

"பதிமூணு எங்கேர்ந்து வந்துச்சு, வெண்டல்?"

"அளந்தேன்."

"எந்த எடத்துல?"

"இங்கதான். துறைக்கு நேர் எதிர்ல."

"துறைக்கு நேர் எதிர்ல பதினொண்ணு."

நான் இரைத் தொட்டியில் காற்றுக் குழாயைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

"எல்லாருமாப் பேசி வச்சிக்கிட்டீங்களா? நாலு நாளா ஒருத்தனும் வரல. அந்த ரெய்னோ வேலையா இது? இல்ல, இங்க பலகை இருக்கு, அங்க எதுக்குப் போறீங்கன்னு நீ சொல்லிவிட்டியா?"

"நான் ஏன் சொல்லப்போறேன், ஆர்டிஸ்? எனக்கு உங்க கம்ப்யூட்டர் சமாச்சாரமே தெரியாது."

அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்றும் நினைவு வைத்திருக்கிறேன். ஒரு எண்ணுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போடும் பார்வை. ஒன்றும் வாங்காமல் போனார்.

அந்த வாரம் வானிலை கிறுக்குப் பிடித்து மாறியது. ஞாயிறு தொடங்கி மூன்று நாள் வெயிலும் தூறலுமாகப் பனி கசிந்தது. மூன்றாம் விரலின் நுனியில் ஒரு ஓடை வந்து சேர்கிறது. அதில் தண்ணீர் பெருகி, பனித்தளத்தை அடியிலிருந்து அரித்தது. புதன்கிழமை மறுபடி கடும் குளிர். மேலே புதுப் பனி பொழிந்து எல்லாவற்றையும் ஒரே வெள்ளையாக மூடியது. பார்வைக்கு ஏரி முழுக்க ஒன்றுபோல்தான் இருந்தது. அன்று ஆர்டிஸ் மூன்றாம் விரலில் துளையிட்டார். துரப்பணம் நாலு சுற்றிலேயே தண்ணீரில் இறங்கியது. இரண்டரை அங்குலம். வந்த வழியே, தன் காலடித் தடத்திலேயே கால் வைத்துத் திரும்பி நடந்து வந்து சர்வரின் முதல் வரியாக எழுதினார்: "மூன்றாம் விரல் இரண்டரை. வண்டி கூடாது. ஆளும் கூடாது." அதற்கு மேலேயும் கீழேயும் நட்சத்திரக் கோடு போட்டார்.

அந்த வரியை அவரைத் தவிர யாரும் படிக்கவில்லை.

சனிக்கிழமை பகல் பதினொரு மணிக்கு என் கடைத் தொலைபேசி அடித்தது. அவர் எனக்குத் தொலைபேசியில் பேசியது அதுதான் முதல் முறை.

"வெண்டல். ரெய்னோ ஏரிக்குள்ள விழுந்து எந்திரிச்சு வந்து என் சமையலறையில நிக்கிறான். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன், வர நாப்பது நிமிசம் ஆகும். நீ தீயணைப்புல இருக்கியே, கம்பளி கிம்பளி இருந்தா எடுத்துட்டு வா."

தீயணைப்புத் தொண்டர் படையில் நான் இருக்கிறேன். ஐந்து நிமிடத்தில் போய்ச் சேர்ந்தேன்.

நடந்தது இது. ரெய்னோ தன் நாலு சக்கர வண்டியில் மூன்றாம் விரலுக்குப் போயிருக்கிறார். பின் சக்கரம் முதலில் இறங்கியது. பிறகு வண்டி முழுவதும். கழுத்துவரை தண்ணீர். எங்கள் பக்கம் எல்லோரும் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கும் ஆணிக் கட்டைகள் இரண்டும் அவரிடமும் இருந்தன. அவற்றைப் பனியில் குத்திக் குத்தி உடம்பை இழுத்து வெளியே வந்திருக்கிறார். கால்சட்டை தகரம்போல் விறைத்துப்போக, அரை மைல் நடந்திருக்கிறார். அருகில் இருந்த வீடு ஒன்றே ஒன்று. கதவைத் தட்டியபோது திரை இடுக்கில் ஒரு கண் தெரிந்ததாம். பிறகு கதவின் இரு பக்கமும் நடந்த பேச்சை இருவரும் தனித்தனியாக என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். ஒரு வார்த்தை மாறவில்லை.

"யாரு?"

"நான்தான்."

"நான்தான்னா?"

"ரெய்னோ. கண்ணு தெரியலியா?"

"தெரியுது. எதுக்கு வந்தே?"

"ஏரில விழுந்துட்டேன்."

"எந்தப் பக்கம்?"

"மூணாவது விரல்."

"அங்க போகாதேன்னு எழுதியிருந்தேனே."

"எங்க எழுதிக் கிழிச்ச? கதவத் தொற, செத்துத் தொலையப்போறேன்!"

நான் உள்ளே போனபோது ரெய்னோ மெர்லுடைய கம்பளிச் சட்டைக்குள் இருந்தார். பற்கள் தந்தி அடித்தன. முகம் சாம்பல். கைகளில் காபிக் கோப்பை தளும்பியது. அந்த நிலையிலும் சண்டை நடந்துகொண்டிருந்தது. நான் கம்பளிகளைச் சுற்றச் சுற்ற, அதற்குள்ளிருந்து ரெய்னோவின் குரல் வந்துகொண்டே இருந்தது.

"பதினாலு வருசம் கழிச்சு இப்பத்தான் ரோசம் வந்துச்சாக்கும் ஒனக்கு. என்னய வெளியில தள்ளிக் கதவச் சாத்திட்ட."

"நான் யாரையும் தள்ளல. நீங்கதான் சொல்லி வச்ச மாதிரி வராம நின்னீங்க."

"நானா? ஒம்போது நாளா, காலையில ஆறு பத்துக்கு, அந்தப் பெட்டி முன்னால உக்காந்து தட்டுறேன். கல்லு மாதிரிக் கெடக்கு. கடேசியா வந்தத அச்செடுத்து வச்சிருந்தேன், அதுல மூணாவது விரல் பன்னெண்டுன்னு இருந்துச்சு. வர்ற வழியில இவங் கடைப் பலகையில பதிமூணுன்னு இருந்துச்சு. போனேன்."

ஆர்டிஸின் கை மேசை விளிம்பைப் பிடித்தது. ஆறு பத்து என்பதை அந்த மனிதன் தன் வாயாலேயே சொல்லிவிட்டான். அதை யோசிக்கக்கூட அவருக்கு நேரமில்லை. எழுந்து போய்த் திரைமேல் இருந்த துணியை இழுத்தார். சர்வரைத் திறந்தார். நட்சத்திரக் கோட்டுக்கு நடுவே இரண்டரை அங்குலம் கண்ணைப் பறித்தது.

"பாரு. தொறந்துதானே இருக்கு?"

"இப்பத் தொறந்திருப்ப."

"நான் பொய் சொல்றேங்கிறியா?"

"நான் ஏரியில விழுந்தது நெசம்."

இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். கைப்பேசியை எடுத்துச் செயலியைத் திறந்தேன். வட்டம் சுற்றியது. சுற்றி ஓய்ந்தது. திரையை ஆர்டிஸிடம் காட்டினேன்.

"எனக்கும் ஒம்பது நாளா வரல," என்றேன். "என்னைத்தான் நீங்க அடைச்சிட்டீங்கன்னு நெனச்சேன்."

"உன் போன்ல எதுக்கு கோஃபர்?"

"நாலு வருசமாப் படிக்கிறேன். பலகையில எழுதுறது ஒங்க கணக்குதான். நான் அளக்கறதே இல்ல. பதிமூணு போன வியாழக்கிழமைக்கும் முந்தின வியாழக்கிழமையோடது. அழிக்காம விட்டுட்டேன்."

ரெய்னோ கோப்பையைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். ஆர்டிஸ் பார்க்கவில்லை, கைப்பேசியை என் கையிலிருந்து வாங்கி, முகவரியை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப ஆறு நாப்பது நீயா?" என்றார். "நான் பாதிரியார்னு இல்ல நெனச்சிட்டிருந்தேன்."

முகவரி சரியாக இருந்தது. அவர் கணினி முன்னால் உட்கார்ந்தார். அமைப்புகளுக்குள் போய், வெளியாட்களை வடிகட்டும் தடுப்புச் சுவரின் பட்டியலைத் திறந்தார். எந்த நிரல் வெளியிலிருந்து வரும் ஆளை வரவேற்கலாம், எது கூடாது என்ற பட்டியல் அது. கீழே போகப் போகத் தேடி ஒரு இடத்தில் நிறுத்தினார். அவருடைய சர்வரின் பெயர். பக்கத்தில் சிவப்புக் குறி. வெளியிலிருந்து வரும் எவரையும் உள்ளே விடக் கூடாது என்று அதற்கு அர்த்தம். வீட்டுக்குள்ளிருந்து பார்க்கிறவருக்கு அந்தச் சுவர் கிடையாது. அதனால்தான் அவருக்கு மட்டும் எல்லாம் தெரிந்தது.

"யாரு போட்டது இத?" என்று கேட்டார். குரல் உயர்ந்தது. "எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம இத யாரு—"

மவுஸின் மேலிருந்த விரல்கள் அசையவில்லை. வெளியே கூரையிலிருந்து பனி சரிந்து விழுந்த சத்தம் கேட்டது.

"ஒரு பெட்டி வந்துச்சு," என்றார் மெல்ல. "அப்டேட் முடிஞ்சு எந்திரிச்சப்ப. வெளியிலேர்ந்து வர்றவங்கள உள்ள விடலாமான்னு கேட்டுச்சு." திரையைப் பார்த்தபடியே சொன்னார். "நான் வேணாம்னுட்டேன்."

ஒன்பது நாளாக அந்த ஏரியைச் சுற்றி மூன்று பேர், ஆளுக்கொருவரைச் சந்தேகித்துக்கொண்டு, தொலைபேசியை எடுத்து ஒரு கேள்வி கேட்காமல் இருந்திருக்கிறோம். ரெய்னோவின் பற்கள் இன்னும் அடித்துக்கொண்டிருந்தன. அவர்தான் முதலில் பேசினார்.

"இந்தக் காபியில எத்தன சர்க்கர போட்ட?"

"மூணு."

"இன்னொண்ணு போடு."

ஆர்டிஸ் எழுந்து போய்ப் போட்டார். கரண்டி கோப்பையில் மோதிச் சத்தம் கேட்டது. பிறகு உட்கார்ந்து சிவப்புக் குறியை நீக்கினார். எழுபதாம் எண் வாசலைத் திறந்துவைக்கும்படி தனியாக ஒரு விதி எழுதினார். என் கைப்பேசியில் பட்டியல் வந்தது. அவர் நம்பவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு, கைப்பேசியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக் கடைசிவரை நடந்து போய், அங்கே நின்று ஒருமுறை பார்த்தார். சாலைக்குப் போய் இன்னொருமுறை பார்த்தார். ஆம்புலன்ஸ் வரும்போது சாலை நடுவில் என் கைப்பேசியோடு நின்றவர் அவர்தான்.

ரெய்னோ ஆறு நாள் மருத்துவமனையில் இருந்தார். இடது காலின் சுண்டு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. வண்டி இன்னும் ஏரிக்கடியில் கிடக்கிறது. ரெய்னோ விழுந்த அன்று மாலையே ஆர்டிஸின் சர்வரில் ஒரு புதிய பக்கம் வந்தது. மற்றப் பக்கங்களைப் போலவே நாள், கிழமை போட்டு எழுதியிருந்தார்: "ஒன்பது நாள் இந்த வாசல் அடைத்திருந்தது. அடைத்தது நான். இந்த நாள்களில் ஒருவர் மூன்றாம் விரலில் விழுந்தார், உயிருடன் இருக்கிறார்." பெயர் போடவில்லை. ரெய்னோவின் விஷயத்தில் பெயர் போடாமல் அவர் எழுதியது அதுதான் முதல் தடவை.

இதற்குப் பிறகு அவர் எல்லோரையும் நம்பத் தொடங்கிவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். சந்தேகம் இப்போது முறைப்படி நடக்கிறது. தினமும் காலை ஏழு மணிக்குக் கடைத் தொலைபேசி அடிக்கும். வணக்கம் கிடையாது. "தொற. நாலாவது வரியப் படி." நான் வெளியிலிருந்து திறந்து படிப்பேன். "ஆறாவது?" படிப்பேன். தொலைபேசி வைக்கப்படும். பலகையில் அங்குலத்துக்குக் கீழே 'அளவு: ஆ. டோலெஃப்சன்' என்று இப்போது எழுதுகிறேன். அதை எழுதியிருக்கிறேனா என்று பார்க்க வாரத்தில் இரண்டு முறையாவது அவருடைய கார் கடை முன்னால் வேகம் குறைந்து போகிறது. கணினிப் பெட்டிகளுக்கு இப்போதும் வேண்டாம் என்றே சொல்கிறார். ஆனால் சொல்வதற்கு முன் முழுவதையும் படித்து, பென்சிலால் ஒரு நோட்டில் எழுதிக்கொள்கிறார்.

மார்ச் கடைசியில் ஒரு நாள் காலை, அவர் கேட்டிருந்த தாள் கட்டோடு நான் அந்தச் சமையலறையில் இருந்தேன். கதவு தட்டும் சத்தம் கேட்டது. திரை இடுக்கில் பார்த்தார். "ரெய்னோ," என்றார் என்னிடம், ஒரு வண்டி எண்ணைச் சொல்வதுபோல. "கையில என்னமோ மூடி வச்சிருக்கான்."

கதவைத் திறந்தார். ரெய்னோ கைத்தடியும் துணி மூடிய தட்டுமாக உள்ளே வந்து, தட்டை மேசையில் வைத்தார். மனைவி போன பிறகு தானே சுடக் கற்றுக்கொண்ட பின்லாந்து ரொட்டி. பின்னல்போல் முறுக்கி, மேலே சர்க்கரை தூவியிருந்தது. துணியை எடுத்ததும் ஏலக்காய் மணம் சமையலறை முழுக்கப் பரவியது.

"எதுக்கு இது?" என்றார் ஆர்டிஸ்.

"திங்கறதுக்கு."

"அது தெரியுது. எதுக்கு?"

"அன்னைக்குக் கதவத் தொறந்தியே, அதுக்கு."

ஆர்டிஸ் இழுப்பறையிலிருந்து கத்தியை எடுத்து ஒரு துண்டு வெட்டினார். அதைச் சின்னத் தட்டில் வைத்து ரெய்னோ பக்கம் தள்ளினார்.

"மொதல்ல நீ தின்னு."

ரெய்னோ அவரைப் பார்த்தார், ரொட்டியைப் பார்த்தார், தின்னத் தொடங்கினார். அவர் மென்று, விழுங்கி, அது தொண்டையில் இறங்கும்வரை ஆர்டிஸ் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுவர்க் கடிகாரத்தில் இரண்டு நிமிடம் போக விட்டார். அதன்பின் தனக்கு ஒரு துண்டு, தடிமனாகவே, வெட்டிக்கொண்டார்.